ஹார்ம் வாசல்

வண்டி மாட்டிக்கொண்டதும் ஃபென்னா முதலில் செய்தது, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்ததுதான். க்ரோனிங்கன் ஊரில் வழுக்கி விழுந்தவர்கள்கூட அடி பட்டதா என்று பார்ப்பதற்கு முன்னால் அக்கம்பக்கம் பார்த்துக்கொள்வார்கள். அவளும் அந்த ஊர்க்காரிதானே. வாய்க்காலில் இரண்டு வாத்துகளைத் தவிர வேறு ஆள் அரவம் இல்லை. பக்கத்து இருக்கையில் அவள் கணவன் ஹார்ம் நேராகப் பார்த்தபடி இடது காலால் மிதித்துக்கொண்டே இருந்தான். சக்கரம் நகரவில்லை என்பது அவனுக்கு இன்னும் எட்டவில்லை.

"போதும் ஹார்ம், நிறுத்து. மாட்டிக்கிச்சு."

"ஆமா," என்றான் ஹார்ம். மிதிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவன் வாயில் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். பசித்தாலும் ஆமா, வலித்தாலும் ஆமா, செத்தாலும் மாட்டேன் என்பதற்கும் ஆமா. முகத்தைப் பார்த்துத்தான் அர்த்தம் பிடிக்க வேண்டும். இப்போது அவன் முகம் போகலாம் போகலாம் என்றது.

அவர்கள் ஏறியிருந்தது இரண்டு பேர் பக்கம் பக்கமாக உட்கார்ந்து மிதிக்கிற மூன்று சக்கர சைக்கிள். ஒருவர் கையில் ஹேண்டில்பார், இன்னொருவருக்குப் பெடல் மட்டும். பேட்டைச் சங்கம் அன்று காலையில்தான் இரவல் கொடுத்திருந்தது. மாட்டிக்கொண்ட இடத்தில் பாதைக்குக் குறுக்கே இரண்டு இரும்புக் கிராதிகள் இருந்தன. ஒன்று இடப்பக்கமிருந்து பாதி வழியை மறிக்கும், கொஞ்சம் தள்ளி இன்னொன்று வலப்பக்கமிருந்து மறிக்கும். நடுவில் நெளிந்துதான் போக வேண்டும். அந்த இடத்துக்குத் தெருவில் பெயர் ஹார்ம் வாசல். பெயருக்குரியவன்தான் உள்ளே சிக்கி உட்கார்ந்திருந்தான். இதற்கு மேல் ஒரு கேலிக்கூத்து வேண்டுமா?

பத்து வருஷத்துக்கு மேலாகிறது. வாய்க்கால் ஓரத்துச் சைக்கிள் பாதையில் அப்போது மொபெட் பையன்கள் பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பார்சல் வேன்காரர்கள் அதைக் குறுக்குவழியாக்கி, சைக்கிளில் போகிறவர்களைப் புல்லில் இறக்கினார்கள். சில வீடு தள்ளி இருக்கிற மார்ஹாவின் மகன் யொரிட் அப்போது சின்னக் குழந்தை, ஒரு மொபெட் அவன் காலை முறித்துவிட்டு நிற்காமல் போனது. அன்றைக்குத் தெருவில் இறங்கியவள் ஃபென்னா. வீடுவீடாகக் கதவைத் தட்டினாள். நகராட்சி ஆட்களை வரவழைத்து, அவர்கள் குடையை மறந்துவந்த நாளாகப் பார்த்து, மழையிலேயே நிற்கவைத்துப் பேசினாள். கடைசியில் நகராட்சியே இறங்கிவந்து, பாதையின் இரண்டு முனையிலும் கிராதி வைக்கிறோம், எவ்வளவு இடம் விடுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றது.

தெருவே கூடி முடிவு செய்தது. எல்லார் சைக்கிளையும் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினார்கள். இருப்பதிலேயே பெரியது எதுவோ அது நெளிந்து வர முடிந்தால் போதும் என்று பேச்சு. ஹார்ம் சர்க்கரை ஆலைக்குப் போய்வருகிற சுமைசைக்கிளின் ஹேண்டில்பார் எருமைக்கொம்பு மாதிரி விரிந்திருக்கும். அதுதான் தேர்வானது. ஹார்மை ஓட்டிக்காட்டச் சொல்லி, சக்கரம் போன தடத்தைச் சாக்கட்டியால் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டின்மேல்தான் கிராதி எழும்பியது. அன்று மத்தியானம் முட்டை உருண்டை பொரித்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஃபென்னாவுக்குத் தன் வாழ்க்கையில் கல்யாணத்துக்கு அடுத்த பெரிய நாள் அது.

அன்றைக்கு முகம் சுருங்கிப் போனவன் ஒருத்தன்தான், கண்ணாடி துடைக்கிற வீபே. முன்னால் பெரிய பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிளில் வாளியும் ஏணியும் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவன். "என் பெட்டி சைக்கிளையும் வரிசையில நிறுத்தட்டுமா?" என்று கேட்டான். "அது சைக்கிள் இல்ல வீபே, வண்டி. வண்டி ரோட்டுல போகட்டும்," என்றாள் ஃபென்னா. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் அவனும் போனான். அதிலிருந்து பெரிய பாலத்தைச் சுற்றித்தான் வேலைக்கு வந்தான். அவள் வீட்டு ஜன்னலைத் துடைப்பான், கூலி வாங்குவான். காபி குடிக்கிறாயா என்று கேட்டால் மட்டும், "நேரமில்ல." பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து இரண்டு கோப்பை குடிப்பான்.

அந்த வீபேயின் குரல்தான் இப்போது தலைக்கு மேலிருந்து வந்தது. மார்ஹா வீட்டு மாடி ஜன்னலில் ஏணி சாத்தி நின்றிருந்தான்.

"ரொம்ப நேரமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். வாத்துக்கு முன்னால நீ கூச்சப்படுறியேன்னு இறங்கல."

"இறங்குறதுன்னா இறங்கு. பேச்சு எதுக்கு?"

வீபே இறங்கிவந்தான். தோல் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கி, ஒரு உலுக்கு உலுக்கிப் பின்னால் இழுத்தான். கிராதியில் பச்சைப் பெயின்ட் தீற்றல் விழுந்தது. ஹார்மின் தோளைத் தட்டி, "என்னப்பா, உன் வாசல் உன்னையே விடமாட்டேங்குதா?" என்றான். பிறகு அந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தான்.

"எனக்கு ஒரு சந்தேகம் ஃபென்னா. இது சைக்கிளா, வண்டியா?"

ஃபென்னாவுக்குக் காதுமடல் வரை சூடேறியது. வண்டியைத் திருப்பினாள்.

*

அவர்கள் வீடு அந்தப் பாதையில்தான் இருக்கிறது, இரண்டு முனைக் கிராதிகளுக்கும் நடுவில். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் செங்கல் வீடுகளின் வரிசை. வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து கார் ரோட்டுக்குப் போகும். அந்தச் சந்தில் போனால் வண்டி போகும், ஆனால் போய்ச்சேருகிற இடம் லாரிகள் ஓடுகிற ரோடு, அதன்பின் பெரிய பாலம். பாதை வழியாக நேராகப் போனால் ஊர் முடிகிற இடத்தில் ஒரு பண்ணை. ஹார்ம் மாதிரி ஆட்களைப் பகல் முழுக்க வைத்துக்கொண்டு, கோழிக்குத் தீனி போடவும் உருளைக்கிழங்கு தரம் பிரிக்கவும் விடுகிற பண்ணை.

ஹார்முக்கு அந்தப் பண்ணை கிடைத்ததே பெரிய காரியம். ஃபென்னா சந்தைக்குப் பக்கத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் வேலை பார்க்கிறாள். அவள் வேலைக்குப் போனபின் ஹார்ம் ஜன்னலோரம் உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பான். சாப்பாடு வைத்துவிட்டுப் போனால் வைத்தபடி இருக்கும். கீரையும் உருளைக்கிழங்கும் மசித்து மேலே தொத்திறைச்சி வைத்தால் தட்டை வழித்துச் சாப்பிடுகிறவன், கரண்டியைத் தொடுவதுகூட இல்லை. வாரா வாரம் வருகிற நர்ஸ் ஒருநாள் அவனை எடை போட்டுப் பார்த்துவிட்டுக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"ஃபென்னா, பராமரிப்பு இல்லத்துல ஒரு அறை காலியாகப் போகுது. சீக்கிரம் முடிவு சொல்லணும்."

"பண்ணை இருக்கே?"

"பண்ணைக்குப் போய்வர முடிஞ்சா நல்லதுதான். போனாத்தானே."

நோயாளிகளை ஏற்றிப்போகிற வேனில் இரண்டு தரம் அனுப்பிப் பார்த்தாயிற்று. நாற்காலியில் பட்டை போட்டுக் கட்டியதுமே ஹார்ம் ஆமா ஆமா என்று தெருவே கேட்க அலறினான். ஆம்புலன்ஸில் கட்டிக்கொண்டுபோன நாள் அவன் உடம்பில் இருந்தது. இரண்டாவது தரம் ஓட்டுநரே கைகூப்பாத குறையாக இறக்கிவிட்டுப் போனார். அதன்பிறகுதான் இந்த இரட்டை சைக்கிள் யோசனை வந்தது. ஏறி உட்கார்ந்த அந்த நிமிஷமே ஹார்மின் இடது கால் தானாகப் பெடலைத் தேடியது. அதைப் பார்த்து ஃபென்னா வாய்விட்டு அழுதாள். ஆலையில் உலை பார்த்தவன், முப்பது வருஷம் மழையிலும் பனியிலும் சைக்கிளில் போனவன். காலுக்கு எல்லாம் நினைவிருந்தது.

ஆக வண்டி வந்துவிட்டது, பண்ணை இருக்கிறது, நடுவில் அவளே கேட்டு வாங்கிய இரும்பு. அந்த வாரம் முழுக்க இரண்டு கிராதிகளுக்கும் நடுவில் போவதும் வருவதுமாக ஓட்டினாள். இந்த முனையில் திருப்புவாள், அந்த முனையில் திருப்புவாள். ஒவ்வொரு தரம் திருப்பும்போதும் ஹார்ம் கழுத்தை வளைத்துக் கிராதிக்கு அந்தப் பக்கம் பார்ப்பான். வீட்டுக்கு வந்து பட்டாணி சூப் வைத்தால் ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தான். அவளுக்குச் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றவே மறந்துபோனது.

சந்து வழியாகவும் ஒருநாள் போய்ப் பார்த்தாள். செப்டம்பர் கடைசி. ஆலையில் பீட் கிழங்கு அரைக்கத் தொடங்கியிருந்தார்கள். வெந்த மண்ணும் வெல்லமும் கலந்த மாதிரி ஒரு வாடை ஊரையே மூடும், துணி காயப்போட்டால் துணியிலும் ஏறும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். ஹார்ம் நன்றாக இழுத்து மூச்சு விட்டான். பாலத்து ஏற்றத்தில் காற்று முகத்துக்கு நேராக அடித்தது. கிழங்கு ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கத்தில் போயின, ஒவ்வொன்றும் போகும்போது வண்டி ஆடியது. ரோடு முழுக்கச் சேறு. பாதி ஏற்றத்தில் ஃபென்னாவின் தொடை நடுங்கி நின்றுவிட்டது. வண்டி மெல்லப் பின்னால் உருண்டது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடிக்காமல் காத்திருந்ததற்கு அவள் இன்றைக்கும் அவனை வாழ்த்துகிறாள். தள்ளிக்கொண்டே வீடு வந்துசேர்ந்தபோது இரண்டு பேர் முகத்திலும் சேறு.

*

சைக்கிள் பாதைகளைப் பார்த்துக்கொள்கிற நகராட்சி அதிகாரி நெர்மின் அதே பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். தினமும் ஃபென்னாவின் ஸ்டாண்டில்தான் சைக்கிள் விடுவாள். டோக்கனை மாட்டும்போதே ஃபென்னா விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

நெர்மின் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கே அறுத்துப் போட ஆள் அனுப்பலாம் ஃபென்னா. ஆனா அது தெருவே கூடிக் கேட்டது. தெருவேதான் கூடி வேணாம்னு சொல்லணும்."

"கேட்டதே நான்தானே. இப்ப வேணாங்கிறதும் நான்தான்."

"அப்ப நீங்க தெருவா நின்னு கேட்டீங்க. இப்ப ஹார்ம் பொண்டாட்டியா நின்னு கேக்குறீங்க."

சொன்னபின் நெர்மினுக்கே சங்கடமாகிவிட்டது. "நான் சனிக்கிழமை காலைல வர்றேன். கிராதிகிட்டயே நின்னு பேசுவோம். எல்லாரையும் வரச் சொல்லுங்க," என்றாள்.

எல்லாரையும் என்றால் முதலில் மார்ஹா. ஃபென்னா பின்கதவு வழியாகப் போனாள். மார்ஹா துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தேன்கேக்கில் ஒரு துண்டு வெட்டி வைத்தாள், தனக்கு வெட்டிக்கொள்ளவில்லை. விஷயம் அவளுக்கு முன்பே எட்டியிருந்தது.

"கேளு. கேட்டுடு. நானும் சொல்லிடுறேன்," என்றாள் மார்ஹா.

"கிராதிய எடுக்கணும் மார்ஹா. ஹார்ம் பண்ணைக்குப் போகணும். இல்லன்னா இல்லத்துல கொண்டுபோய் விடச் சொல்றாங்க."

"தெரியும். ராத்திரி தூங்காம அதத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். என்னால முடியாது."

"மார்ஹா..."

"யொரிட் காலுக்குள்ள இன்னும் கம்பி இருக்கு. குளிர் வந்தா அவன் படியேறுற சத்தத்த நீ கேக்கல, நான் கேக்குறேன். அன்னைக்கு எனக்காக யாரு நின்னா? நீதான் நின்ன. இப்ப நீயே வந்து எடுன்னா நான் என்ன செய்ய? உனக்கு முன்னால என்னால இல்லன்னு சொல்லவும் முடியல, சரின்னு சொல்லவும் முடியல."

"சொல்லிட்டியே."

"சொல்லிட்டேன்," என்ற மார்ஹா மடித்த துணியையே திரும்பவும் உதறி மடித்தாள். "கேக்கைச் சாப்பிடு."

ஃபென்னா சாப்பிட்டாள். கோபப்படவும் வழியில்லை. அவளிடத்தில் தான் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்போம் என்று தெரிந்தது.

*

சனிக்கிழமை காலை சாரல். அந்த ஊரில் அதை யாரும் மழை என்று சொல்வதில்லை. ஃபென்னா ஹார்மை வண்டியில் உட்காரவைத்து, காலில் கம்பளி போர்த்தி, கிராதிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். நெர்மின் மழைக்கோட்டில் நின்றிருந்தாள். தெரு ஒவ்வொருவராக வந்துசேர்ந்தது. மார்ஹா கைகளைக் கட்டிக்கொண்டு தன் வீட்டு வாசலிலேயே நின்றாள்.

பேச வேண்டியவள் ஃபென்னா. ஒரு காலத்தில் இதே இடத்தில் நின்று மூச்சுவிடாமல் பேசியவள். இப்போது வாயைத் திறந்தால் ஹார்ம் பேச்சுதான் வருகிறது, தெருவின் பேச்சு வரவில்லை. "எல்லாருக்கும் தெரியும் ஹார்ம் நெலமை," என்று தொடங்கியவள் அங்கேயே நின்றுபோனாள். எல்லாரும் அவரவர் ஷூவைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் வீபே பெட்டி சைக்கிளில் வந்தான், ஏணி ஆடிக்கொண்டு. ஃபென்னா ஹார்மின் கம்பளியை இழுத்துச் சரிசெய்தாள். இத்தனை வருஷம் சேர்த்துவைத்ததை இவன் இன்றைக்குக் கொட்டாமல் விடுவானா, கொட்டினாலும் நியாயம்தானே என்று நினைத்தாள்.

வீபே கிராதிக்கு நேரே வண்டியை நிறுத்தினான்.

"அளவு எடுக்கலியா இன்னும்? போன தரம் அளவெடுத்துத்தானே வச்சோம். இந்தத் தரமும் வரிசையில நிறுத்துங்க. நான் முதல்ல." உருட்டிக்கொண்டுபோய் முட்டினான். பெட்டி இடித்துக்கொண்டது. "நான் அவுட். அடுத்தது யாரு? வாங்க, கூச்சப்படாம வாங்க. மூலை வீட்டுப் பொண்ணே, அந்த ரெட்டைப் பிள்ளை வண்டிய எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

மூலை வீட்டுப் பெண் தயங்கித் தயங்கி இரட்டைக் குழந்தைகள் உட்காருகிற இழுவண்டியைச் சைக்கிளில் பூட்டிக்கொண்டு வந்தாள். நெளிகிற இடத்தில் அது மாட்டியது. பின்னாலேயே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒக்கே தன் மின்சார நாற்காலி வண்டியில் வந்தார். முன்னால் போனார், பின்னால் வந்தார், திரும்பவும் போனார், முடியவில்லை. ஒருத்தன் குழந்தையை முன்னால் வைத்து ஓட்டுகிற நீள சைக்கிளோடு வந்தான். அதுவும் திரும்பவில்லை. தெருவில் பாதிப்பேர் கிராதிக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தார்கள்.

ஃபென்னா எல்லாரையும் மாறிமாறிப் பார்த்தாள். "நீங்கல்லாம் எப்படிப் போறீங்க?"

"பாலத்தச் சுத்தித்தான்," என்றாள் மூலை வீட்டுப் பெண்.

"லாரி ரோட்டுலயா? ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டா?"

"மெதுவாத்தான் போவேன்."

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

ஒக்கேதான் தொண்டையைச் செருமினார். "எப்படிம்மா சொல்றது? மழையில நின்னு வாங்கிக் குடுத்த. ஹார்ம் பேரு வேற அதுக்கு. அவன் படுத்ததுக்கு அப்புறம் போய், உன் புருஷன் பேருல இருக்கிறத அறுத்துப் போடுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? சுத்திப் போனா நான் என்ன தேஞ்சா போயிடுவேன்?"

ஃபென்னாவுக்கு நின்ற இடத்திலேயே கண்ணீர் வந்தது. வெட்கமும் இருந்தது, அதைவிடப் பெரிதாக நன்றி இருந்தது. இத்தனை பேர் இத்தனை நாளாக அவள் மனசு நோகக்கூடாது என்று காற்றிலும் லாரிப் புகையிலும் சுற்றிப் போயிருக்கிறார்கள். அவள் தன்னை மட்டும்தான் இரும்பு மறித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீபேயிடம் திரும்பினாள். "நீயும் அதுக்குத்தானா?"

"நானா? நான் வீம்புக்குச் சுத்துனேன்," என்றான் வீபே. "எனக்காக ஒண்ணும் எடுக்க வேணாம், எனக்குப் பாலம் பழகிப்போச்சு, காலும் கெட்டிப்பட்டுப்போச்சு. அவனுக்காகச் சொல்றேன். உலைக்கு முன்னால நின்ன மனுஷன். ஜன்னலுக்கு முன்னால உக்காந்திருக்கான். வாரா வாரம் அந்தக் கண்ணாடிய நான் துடைக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

எல்லார் கண்ணும் மார்ஹாவின் வாசலுக்குப் போனது. அவள் கட்டிய கையை அவிழ்க்காமல் நடந்துவந்தாள்.

"என்னைய எதுக்குப் பாக்குறீங்க? நான் மட்டும்தான் கல்லு மனசா?" என்றாள். பிறகு நெர்மினிடம், "கிராதிய எடுத்தா மொபெட்ட எது நிறுத்தும்?"

நெர்மின் பூசி மெழுகவில்லை. "முழுசா எதுவும் நிறுத்தாது. பாதைய ஒரு மேடாத் தூக்கி, நேரா விடாம வளைச்சுக் கட்டலாம். சைக்கிளுக்குத் தெரியாது, வேகமா வர்றவனுக்கு முதுகு பேந்துடும். எங்க வளைக்கணும், எவ்வளவு உயரம்னு போன தரம் மாதிரியே நீங்கதான் சொல்லணும்."

"என் வாசலுக்கு நேரா வேணும்."

"சரி."

"முதல்ல அதக் கட்டுங்க. கட்டின அப்புறம் இத எடுங்க. மொதல்ல எடுத்துட்டு அப்புறம் பாக்கலாம்னா நான் இந்தக் கிராதில என்னையே கட்டிப்போட்டுக்குவேன்."

"கட்ட டிசம்பர் ஆகிடும் மார்ஹா," என்றாள் நெர்மின்.

டிசம்பர் என்றதும் ஃபென்னா ஹார்மைத் திரும்பிப் பார்த்தாள். இல்லத்துக்குத் திங்கட்கிழமையே பதில் சொல்லியாக வேண்டும். பண்ணையிலும் இடத்தைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். மார்ஹா அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, யாரிடமோ சண்டைக்குப் போகிறவள் மாதிரி இரட்டை சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் அதன் சட்டத்தைப் பிடித்து ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தாள்.

"பெரிய கனமில்ல. கிராதி அங்கயே இருக்கட்டும். வண்டிய நாங்க தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறோம். ஹார்ம் நடந்து தாண்டுவான்ல? காலைல ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம். டிசம்பர் வரைக்கும்தானே."

"தினமுமா?" என்றாள் ஃபென்னா.

"பின்ன, உன் புருஷன் வாரத்துல ஒரு நாளா சாப்பிடுறான்?"

*

அப்படித்தான் நடந்தது. திங்கட்கிழமை காலையில் ஃபென்னா இல்லத்துக்கு அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஹார்முக்குக் கோட்டு மாட்டி வெளியே வந்தால், கிராதிக்குப் பக்கத்தில் மார்ஹா, வீபே, நீள சைக்கிள்காரன் மூன்று பேரும் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஃபென்னா நான்காவது மூலையைப் பிடித்தாள். ஹார்ம் கைத்தடியை ஊன்றி, தன் பெயர் வைத்த வாசலில் நெளிந்து நெளிந்து நடந்து தாண்டினான். ஒக்கே நாற்காலி வண்டியில் உட்கார்ந்தபடி, வலப்பக்கம் தூக்கு, இடப்பக்கம் இறக்கு என்று கட்டளை போட்டார். தூக்க முடியாதவர் என்பதால் அந்த வேலையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

மழையிலும் தூக்கினார்கள். கிராதியில் பனி உறைந்து கை ஒட்டிக்கொண்ட நாளிலும் தூக்கினார்கள். மார்ஹாவும் வீபேயும் தினம் ஒரு சண்டை போட்டார்கள். "கீழ எறக்கு, முட்டிய உடைச்சிடாத." "உன் மூலைய நீ பாரு, என் மூலைய நான் பாக்குறேன்." ஃபென்னா பிளாஸ்கில் காபி கொண்டுவந்தாள். முதல்நாள் வீபே கோப்பையை வாங்கி, ஒன்றும் சொல்லாமல் குடித்து, கவிழ்த்து உதறித் திருப்பிக் கொடுத்தான். மறுநாள், "நேத்திக்கு விட இன்னிக்கித் தண்ணியா இருக்கு," என்றான்.

மேட்டுக்கு அளவெடுக்கிற அன்று, தெரு திரும்பவும் சாக்கட்டியோடு இறங்கியது. இந்தத் தரம் பெட்டி சைக்கிள், இழுவண்டி, நாற்காலி வண்டி, இரட்டை சைக்கிள் எல்லாம் ஓடி, எல்லாத் தடத்துக்கும் வெளியே கோடு போட்டார்கள். யொரிட் இப்போது வளர்ந்த பையன், அவனே ஒரு மொபெட்டைக் கடன் வாங்கி வந்து, பலகைகளை அடுக்கி அதன்மேல் வேகமாக ஓட்டிக்காட்டி, எந்த உயரத்தில் தன் பல் ஆடுகிறது என்று சொன்னான். மார்ஹாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆனால் கோடு அங்கேதான் விழுந்தது.

ஹார்ம் பண்ணையில் கோழிக்குத் தீனி போட்டான். திரும்பி வரும்போது கோட்டுப் பையில் சிலசமயம் ஒரு முட்டை இருக்கும். அதை யாரிடம் கொடுப்பது என்பதை அவனே முடிவு செய்தான், தூக்கியவர்களில் ஒருவர் கையில் வைப்பான். ஃபென்னா தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நன்றி சொன்னாள். அந்த ஊரில் அது அதிகப்படி. ஒருத்தர் ஒருதரம் சொன்னால் போதும், இரண்டாவது தரம் சொன்னால் கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். "போதும் விடு," என்றார்கள். அவள் விடவில்லை.

டிசம்பரில் மேடு எழும்பியது. ஆலையில் அரைப்பு முடியப்போகிற வாரம், லாரிகள் குறைந்து வாடையும் தணிந்திருந்தது. இரண்டு ஆட்கள் வந்து கிராதியை அறுத்துப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். கிராதியின் கால் ஊன்றியிருந்த இடத்தில் புதுச் செங்கல் பாவினார்கள். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்குத் தூக்குகிறவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். தூக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் வந்திருந்தார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு நின்றார்கள். வீபே ஒரு ஓரமாகப் பெட்டி சைக்கிளை நிறுத்தியிருந்தான்.

"போ ஃபென்னா, போ. இன்னிக்கு எறங்க வேணாம்," என்றாள் மார்ஹா.

ஃபென்னா மிதித்தாள். வண்டி கிளம்பியது. மார்ஹாவின் வாசலுக்கு நேரே இருந்த மேட்டில் ஏறி, வளைவில் இறங்கி, கிராதி இருந்த இடத்துக்கு வந்தது. இன்னும் இரண்டு மிதி மிதித்தால் அந்தப் பக்கம். அப்போது ஹார்ம் தன் நல்ல கையை நீட்டி, ஹேண்டில்பாரில் இருந்த அவள் கையின்மேல் வைத்து, பிரேக்கை அழுத்தினான். வண்டி நின்றுவிட்டது.

"என்ன ஹார்ம்? பயமா இருக்கா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி வீபேயைப் பார்த்தான். பிறகு நல்ல கையை உயர்த்தி, பாதையை நோக்கி நீட்டி, நீ முதலில் போ என்று காட்டினான்.

வீபே தலையைக் குனிந்து ஏணிக் கயிற்றை, இறுகியிருந்ததையே திரும்பவும் இறுக்கினான். ஹார்மின் கை கீழே இறங்கவில்லை. ஃபென்னா வண்டியைப் புல்லோரமாக ஒதுக்கி வழிவிட்டாள்.

வீபே ஏறி உட்கார்ந்தான். வாளிகள் கடகடக்க, ஏணி ஆட, அவர்களைக் கடந்து, இத்தனை வருஷமாக அவன் போகாத அந்த இடத்தின் வழியாக நேராகப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போய், முதுகைக் காட்டியபடியே ஒரு கையைத் தூக்கினான்.

"வாங்க ரெண்டு பேரும். வழி நல்லா அகலமா இருக்கு."